வளவிற்கு ஓர் ஆவரசு

கபிலர் குறிஞ்சிப்பாட்டிலே நிரல்படக் கூறிய 99 பூக்களை உயர்தர வகுப்பிற் கற்பித்துக்கொண்டிருந்த ஒருநாள், மாணவன் ஒருவன் எழுந்து, "ஆவிரை என்பது யாது, ஐயா?" என வினவினான். "நம்மூர் ஆவரசுதான்" என்றோம். அவன் அமர்ந்தானல்லன். "ஆவரசு என்பது யாது, ஐயா?" என்றான். வகுப்பு நகைத்தது. நகைத்தோருள் அச்செடியை அறிந்தவர் எத்தனை பேர் எனக் கேட்டோம். 32 மாணவருள் நால்வர் கை உயர்த்தினர். மறுநாள் அந்நால்வரும் பூக்கொண்டு வந்தனர். இருவர் கொண்டுவந்தது கொன்றைப்பூ.

வினவிய மாணவனை யாம் குறைகூற மாட்டோம். அவன் நாள்தோறும் துவிச்சக்கரவண்டியிற் கடந்துவரும் புகையிரதப் பாதையின் ஓரத்திலே அச்செடி பூத்து நின்றது. அவன் அதனைப் பலகாற் பார்த்திருந்தான். இன்னதென்று எவரும் அவனுக்குச் சொல்லவில்லை, அவ்வளவே. விழா மலருக்குக் கட்டுரை வேண்டும் எனக் கேட்டவர்கள், யாம் புலவர் ஒருவரைப் பற்றியோ காப்பியம் ஒன்றைப் பற்றியோ எழுதுவோம் என்றே எதிர்பார்த்திருப்பர். அம்மாணவனது வினாவின் கடன் இன்னும் தீராமையால் ஆவரசைப் பற்றி எழுதுகின்றோம். அதிலும் அதனை வளவிலே வளர்க்குமாற்றையே பெரிதும் எழுதுகின்றோம். இலக்கியமும் இடையிடையே வரும். தமிழாசிரியர் எழுதப் புகின் அது தவிர்க்கவொண்ணாதது.

சங்க நூல்கள் இதனை ஆவிரை என்னும். மருத்துவ நூல்கள் ஆவாரை என்னும். யாழ்ப்பாணத்தார் ஆவரசு என்பர். சிங்கள மக்கள் ரணவரா என்பர். தெலுங்கர் தங்கேடு என்பர். 2014இல் தெலங்கானா தனி மாநிலம் ஆகியபோது இதனையே மாநிலப் பூவாகத் தெரிந்தெடுத்தனர். அந்நாட்டுப் பெண்கள் பதுக்கம்மா விழாவிலே கோபுரம் போல அடுக்கும் பூக்களுள் இதற்குச் சிறப்பிடம் உண்டு.

தொல்காப்பியர் இச்செடியை மறந்தாரல்லர். எழுத்ததிகாரத்து உயிர்மயங்கியலிலே பனை, அரை, ஆவிரை என்னும் மூன்றையும் ஒரு சூத்திரத்துள் வைத்து, அவை வருமொழியோடு புணருங்கால் அம்முச்சாரியை பெறும் என விதித்தார். பனை என்பது ஈற்று ஐகாரம் கெட்டுக் காய் என்பதோடு புணர்ந்து பனங்காய் ஆகின்றது. அவ்வாறே ஆவிரை என்பது கோடு என்பதோடு புணர்ந்து ஆவிரங்கோடு ஆகும். பனங்காய்ப் பணியாரம் உண்ணும் நம் சிறுவர் இவ்விதியை நாவினால் அறிந்தவர்களே. வலிகாமம் கிழக்கிலுள்ள ஆவரங்கால் என்னும் ஊரின் பெயரிலும் இவ்விதியே தொழிற்பட்டிருப்பதாக எமக்குத் தோன்றுகிறது. ஆவரை முன்னே நிற்க, ஐகாரம் கெட்டு, அம் வந்து, மகரம் ககரத்தின் முன் ஙகரமாய்த் திரிந்தது எனக் கொள்ளின் பெயர் நேரே அமைகின்றது.

இலக்கணத்திலே ஒருங்கு நின்ற பனையும் ஆவிரையும் குறுந்தொகையின் 173ஆம் பாட்டிலும் ஒருங்கு நிற்கின்றன. ஆங்குத் தலைவன் ஊரும் பனைமடற் குதிரைக்கு ஆவிரைப் பூமாலை அணியப்படுகின்றது. கலித்தொகையில் மடலேறுவோன் ஆவிரையோடு எருக்கும் பூளையும் சேர்க்கின்றான். மூன்றும் எவரும் நீரூற்றி வளர்க்காத பூக்கள் என்பதை நோக்குக. நாணத்தை விட்டு வீதிக்கு வந்தவன், வீதியோரத்துப் பூவையே கொண்டான் போலும். கொங்குநாட்டார் பொங்கலுக்கு முன்னாளில் வீட்டிற் காப்புக் கட்டும்பொழுது ஆவாரம்பூவையும் பூளைப்பூவையும் வேப்பிலையோடு சேர்த்துக் கட்டுவர். மடலேறுவோன் கொண்ட பூக்களே அங்கே மங்கலப் பொருளாயின.

இனிச் செடியை இனங்காணுமாறு கூறுவோம். லின்னேயசு என்னும் அறிஞர் 1753இல் இதற்குக் காசியா ஓரிக்குலேற்றா எனப் பெயரிட்டார். இக்காலத்தார் சென்னா ஓரிக்குலேற்றா என்பர். பின்னுள்ள சொல் செவியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. அப்பெயர் ஏன் வந்ததென்பதை ஒரு கிளையைக் கையில் எடுத்தவுடன் அறியலாம். இலைக்காம்பு தண்டோடு பொருந்தும் இடத்தில், இருமருங்கும் இரண்டு சிறு காதுகள் போல அகன்ற இலையடிச்செதில்கள் நிற்கும். இக்காதுகளைப் பார்த்துப் பழகியவன் ஆவரசைப் பிறிதொன்றோடு மயங்கான். ஓர் இலையில் பெரும்பாலும் 8 முதல் 12 சோடி சீறிலைகள் இருக்கும். ஒவ்வொரு சோடிக்கும் நடுவே நுண்ணிய சுரப்பி ஒன்று ஊசிபோல நிமிர்ந்து நிற்கும். பூ ஏறக்குறைய 2 அங்குல அகலமுடையது. ஐந்து அல்லிகள், பத்துக் கேசரங்கள். அவற்றுள் மேலிருக்கும் மூன்றும் மலடு. நெற்று தட்டையானது, தாள் போல மெல்லியது, 3 அல்லது 4 அங்குல நீளமுள்ளது.

கொன்றை மரமாகும், அதன் பூங்கொத்துச் சரம்போலத் தொங்கும், காய் உருளை வடிவானது. ஆவரசின் பூங்கொத்து நிமிர்ந்து நிற்கும். மயக்கத்திற்கு இடந்தருவது கொன்றையன்று. பேயாவரை என்றும் பொன்னாவரை என்றும் வழங்கும் செடியே. அதுவும் மஞ்சட்பூப் பூக்கும், வீதியோரத்தில் வளரும். ஆயின் அதற்கு அகன்ற காதுகள் இல்லை, சீறிலைகள் நான்கைந்து சோடியே, நுனி கூரியது, கசக்கினால் தீநாற்றம் வீசும். அதன் விதைகளை உண்ட சிறு பிள்ளைகள் மூளையும் ஈரலும் தசையும் தாக்குண்டு இறந்தமை இந்தியாவில் நிகழ்ந்த மருத்துவ ஆராய்ச்சிகளால் வெளிப்பட்டது. ஆகவே மாணவர்கள் காதுகளைப் பாராது எந்த விதையையும் பறித்தலாகாது. ஆவரச விதையேயாயினும் வாயில் இடலாகாது.

இச்செடியை வளவிலே வளர்க்க வேண்டும் என்று யாம் வற்புறுத்துதற்குக் காரணம் நம் கிணறுகள். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கியாறு மாரியில் மாத்திரம் பாயும். ஆண்டொன்றிற்குப் பெய்யும் மழை ஏறக்குறைய 50 அங்குலம். அதிற் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கி மார்கழி முடியுமுன் பெய்து தீர்ந்துவிடும். பெய்த நீரில் ஒரு பங்கு சுண்ணக்கல்லின் வெடிப்புகள் வழியே கீழிறங்கி, உவர்நீரின்மேல் வில்லைபோல மிதந்து நிற்கும். அவ்வில்லை தடித்த இடத்திலே நன்னீர்க் கிணறு. மெலிந்த இடத்திலே உவர்க்கிணறு. துலாவினால் இறைத்த காலத்திற் கை ஓய்ந்தபோது கிணறும் ஓய்ந்தது. நீரிறைக்கும் இயந்திரத்திற்குக் கை வலிப்பதில்லை. மிகுதியாக இறைக்குந்தோறும் வில்லை மெலிய, அடியிலுள்ள உவர் மேலெழும். ஒருமுறை உவரான கிணறு மீண்டும் நன்னீராதற்குப் பல மாரிகள் வேண்டும்.

ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். பூச்செடிகளுக்கென ஒரு வீட்டார் நாளொன்றுக்கு 10 வாளி நீர் ஊற்றுகின்றனர் எனக் கொள்க. வாளி ஒன்று 10 லீற்றர். மாசி முதற் புரட்டாசி ஈறாக 8 மாதங்கள், ஏறக்குறைய 240 நாட்கள். ஆக 24,000 லீற்றர். அத்தெருவில் 40 வீடுகள் இருப்பின் 9,60,000 லீற்றர். இஃது உணவுப் பயிருக்கன்று, பூச்சாடிக்கு. மல்லிகையையும் செவ்வரத்தையையும் பிடுங்கி எறிக என யாம் கூறவில்லை. எம் இல்லத்து மல்லிகைக்கு யாமும் இரண்டு வாளி ஊற்றுகின்றோம். நீர் கேளாத பூச்செடி ஒன்று நம் நிலத்துக்கே உரியதாய் இருக்க, வீட்டு முகப்பு முழுவதையும் நீர் கேட்கும் செடிகளால் நிரப்புவதேன் என்பதே எம் வினா.

எம் உள்ளத்தில் இச்செடி வேரூன்றியது கணக்கினால் அன்று. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் ஓரிரவில் தென்மராட்சிக்குப் பெயர்ந்ததை மூத்த பழைய மாணவர்கள் அறிவர். யாம் அப்பொழுது பள்ளி மாணவப் பருவத்தினேம். மறு ஆண்டு சித்திரையின் பின் ஊர் மீண்டபோது, கிணற்றடியிலே துலாக்கொடியும் இல்லை, வாளியும் இல்லை. அன்னையார் சாடிகளில் வைத்து வளர்த்த றோசாக்களும் குறோட்டன்களும் குச்சிகளாய் நின்றன. மாரி மழை அவற்றைச் சில மாதங்கள் காத்திருக்கும். மாசிக்குப் பின் நீரூற்ற ஆளில்லை. பின்வேலி விழுந்த இடத்திலே, ஒருவரும் நடாத ஆவரசு ஒன்று கிளைகொள்ளாது பூத்து நின்றது. அன்னையார் அதன்முன் சிறிது நேரம் நின்றார். பின்பு விளக்குமாற்றை எடுத்து முற்றம் பெருக்கத் தொடங்கினார். அன்று மாலை சுவாமி படத்துக்கு வைக்க வேறு பூ இல்லை, ஆவரசம்பூவே வைக்கப்பட்டது.

2009இன் பின்பு விடுவிக்கப்பட்ட காணிகளுக்குத் திரும்பியோர் அங்கே மண்டிய பற்றைகளை இயந்திரங்கொண்டு வழித்தபோது, முட்பற்றையோடு ஆவரசும் போயிற்று. வழித்த வெற்றிடத்தில் முந்திக்கொண்டு முளைப்பவை பார்த்தீனியமும் இப்பிலிப்பிலுமே. அவற்றோடு போட்டியிட்டு ஆவரசு தானே வருமென்று இருந்துவிடுதற்கில்லை. நடவேண்டியிருக்கிறது.

நடுவது எளிதென்று எண்ணித்தான் யாமும் தொடங்கினோம். யாம் தவறியவற்றை மறையாது கூறுவோம். படிப்போர் அத்தவறுகளை மீண்டும் செய்து காலங்கழிக்க வேண்டியதில்லை.

முதன்முறை, ஒரு தை மாதத்தில், வீதியோரத்தே இரண்டடி வளர்ந்திருந்த ஐந்து செடிகளை மாணவர் சிலரோடு சென்று அலவாங்கினால் அகழ்ந்து எடுத்தோம். மேலே இரண்டடி உயர்ந்த செடிக்குக் கீழே அதனினும் நீண்ட ஆணிவேர் இருந்தது. அவ்வேர் கல்வெடிப்பினுள் நுழைந்திருந்தமையால் ஒன்றேனும் முழுதாக வந்திலது. அறுந்த வேரோடு கொண்டுவந்து, ஆழக்குழி தோண்டி, எருவிட்டு நட்டு, இருவேளையும் நீரூற்றினோம். பத்து நாட்களுள் ஐந்தும் மடிந்தன. வெயிலை வெல்லுகின்ற செடி என்று பாராட்டப்படுவதன் வலிமை முழுதும் அந்த ஆணிவேரிலேயே உள்ளது. அதனை அறுத்து நட்டுவிட்டு இலைக்கு நீர் தெளிப்பது, காலை வெட்டிவிட்டுத் தலைக்கு எண்ணெய் வைப்பதை ஒக்கும்.

இரண்டாம் முறை விதை கொண்டு முயன்றோம். பொலித்தீன் பைகளில் எருவும் மண்ணும் கலந்து நிரப்பி, விதைகளை அப்படியே ஊன்றினோம். நாற்பது பைகளில் மூன்றிலேதான் முளை கண்டது. விதைத்தோல் கல்லொத்த உறுதியுடையது, நீர் உட்புகாது. இயற்கையில் அவ்விதை மண்ணிற் கிடந்து, மழையும் வெயிலும் மாறி மாறித் தாக்க, தோல் நைந்த பின்பே முளைக்கும். எல்லா விதைகளும் ஒரே மாரியில் முளைத்து, அடுத்துவரும் கோடையில் ஒருங்கே மடியாதிருக்க இஃது ஓர் உபாயம். தோட்டக்காரனுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. முளைத்த மூன்றும் ஒரு சாண் உயர்ந்த பின்பு, அடித்தண்டு கறுத்து அழுகின. ஆராய்ந்தபோது, ஒன்பதாம் வகுப்பார் காலையிலும் பத்தாம் வகுப்பார் மாலையிலும், ஒருவரையொருவர் அறியாது, நாள்தோறும் நீரூற்றி வந்தமை தெரிந்தது. அன்பினால் நேர்ந்த கொலை என அதனைப் பதிவு செய்கின்றோம்.

மூன்றாம் முறை கைகூடிற்று. அம்முறையைச் சற்று விரித்துரைப்போம்.

நெற்று கபில நிறமாகி, ஆட்டினால் உள்ளே விதை சலசலக்கும் பருவத்திற் கொய்க. நெற்றின் மீது நுண்துளை காணின் வண்டு விதையைத் தின்றிருக்கும், அதனை விலக்குக. உரித்த விதைகளை நீரில் இட்டு, மிதப்பவற்றை நீக்குக. எஞ்சியவற்றை உலர்த்தி, அரத்தாளிலோ சொரசொரப்பான சீமெந்துத் தரையிலோ ஒவ்வொன்றாக உரைக்க வேண்டும். விதை காம்போடு ஒட்டியிருந்த முனையில் முளை இருத்தலின் அதனை விட்டு, மற்றைப் பக்கத்திலே பளபளப்பு நீங்கி உள்வெண்மை சற்றுத் தெரியுமளவும் உரைத்தல் போதும். பின்பு ஓரிரவு நீரில் ஊற வைக்க. காலையில் தோல் திறந்தவை உப்பியிருக்கும். உப்பாதவற்றை மீண்டும் உரைத்து ஊற வைக்க. உரைக்கப் பொறுமையில்லாதார், நீரைக் கொதிக்கவைத்து அடுப்பினின்று இறக்கிச் சிறிது ஆறவிட்டு, விதைகள்மேல் ஊற்றி, ஆறியபின்பும் விடியுமளவும் அப்படியே விடலாம். இரண்டையும் செய்து பார்த்தோம், உரைத்தலே மேம்பட்டது. ஒரு பாடவேளையில் ஒரு வகுப்பார் நூற்றுக்கு மேற்பட்ட விதைகளை உரைத்து முடிப்பர். அன்று அவ்வகுப்பிலே பேச்சுச் சத்தம் இராது என்பது உடன் பயன்.

விதையை நிலையாக நிற்கவேண்டிய இடத்திலேயே ஊன்றுக. காலம் ஐப்பசி, முதல் மழை பெய்து மண் நனைந்த பின்பு. அவ்விடத்தில் நாள் முழுதும் வெயில் படவேண்டும். வேம்பின் கீழும் மாவின் கீழும் இது பூக்காது. மாரி வெள்ளம் தேங்கும் இடமாயின் ஓரடி உயர மண்மேடு செய்து அதன்மேல் ஊன்றுக. வறட்சி கொல்லாத ஆவரசைத் தேங்கிய நீர் கொல்லும். வலிகாமத்துச் செம்மண்ணில் ஓரடி ஆழமாக மண்ணைக் கொத்திப் பொலபொலப்பாக்கினாற் போதும், எரு வேண்டுவதில்லை. எருமிகின் இலைத்துப் படர்ந்து பூக் குறையும். கல்லான தறையில் அலவாங்கினாற் குத்தி ஒரு வெடிப்பைக் கண்டு, அதன்மேல் மண்ணிட்டு ஊன்றுக. எஞ்சிய வழியை வேர் தானே கண்டுகொள்ளும். மணற்பாங்கான இடத்தில் மாத்திரம் ஒரு கை பழைய எருவைச் சேர்க்கலாம். குழிக்கு மூன்று விதை, அரை அங்குல ஆழத்தில். தனிச்செடிகளாக வளர்ப்பதற்குக் குழிகளிடையே 5 அடியும், வேலிபோல நெருங்கி நிற்பதற்கு 3 அடியும் விடுக.

உரைத்த விதை ஒரு வாரத்திலோ சில நாள் கழித்தோ முளைக்கும். நான்கு இலை விட்டதும், வலிய ஒன்றை நிறுத்தி மற்றையவற்றைக் கத்தரியால் வெட்டுக. பிடுங்கின் நிற்பதன் வேரும் அசையும். மாரி முடியுமளவும் நாம் செய்யவேண்டியது களை எடுத்தல் ஒன்றே. அக்காலத்தில் மேலே வளர்ச்சி குறைவாகத் தோன்றும். மாணவர் ஒருவர் ஒவ்வொரு வாரமும் அடிமட்டத்தால் அளந்து, "வளரவில்லை, ஐயா" என முறையிட்டார். வளர்ச்சி கீழ்நோக்கி நிகழ்ந்துகொண்டிருந்தது.

முதற் கோடை ஒன்றே கடினமானது. மாசி பிறந்த பின் பத்து நாட்களுக்கு ஒருமுறை, செடிக்கு ஒரு வாளி நீர், தண்டில் படாமல் ஓரடி தள்ளி வட்டமாக ஊற்றுக. சிறிது சிறிதாக நாள்தோறும் ஊற்றுவது தவறு. மேல்மண் மாத்திரம் நனையின் வேரும் மேலேயே நின்றுவிடும். அடியைச் சுற்றிச் சருகு பரப்பி, அதன்மேல் நாலைந்து சுண்ணக்கற்களை வைத்துவிட்டால், சோளகக் காற்றுச் சருகை அள்ளிச் செல்லாது, ஈரமும் காக்கப்படும். அடுத்த மாரி வந்ததும் நீர் ஊற்றுவதை நிறுத்துக. அதன்பின் அதற்கும் உங்கள் கிணற்றுக்கும் தொடர்பில்லை.

பைகளில் வளர்த்தே தீரவேண்டும் என்போர், ஒடுங்கிய நீண்ட பைகளில், உரைத்த விதையை இட்டு, முளைத்து மூன்று நான்கு வாரங்களுள், வேர் அடியை எட்டிச் சுருளுமுன், மழை நாளில் நடுக.

சில செடிகள் முதலாண்டு முடியுமுன்னரே இரண்டொரு கொத்துப் பூக்கும். இரண்டாம் ஆண்டிலேயே செடி நிறைந்த பூவைக் காணலாம். மாரி ஓய்ந்த பின் தையிலும் மாசியிலும் மிகுதியாகப் பூத்து, ஏனைய காலங்களிலும் முற்றாக ஓயாது அங்கங்கே பூக்கும். கவாத்துச் செய்தற்குரிய காலம் புரட்டாசி. முழங்கால் உயரத்தில் துணிந்து வெட்டுக. யாம் அதனை நூலிற் கற்றிலேம். யாம் மதிலோரம் வளர்த்த செடிகள் இரண்டாம் ஆண்டில் நிமிர்ந்து நின்றபோது, ஒரு விழாவை முன்னிட்டுச் சிரமதானம் செய்தோர் பற்றை எனக் கருதி அவை அனைத்தையும் அடியோடு வெட்டிக் குவித்துவிட்டனர். மனம் மிக நொந்தோம். எவரோடும் பேசாது வீடு சென்றோம். கார்த்திகை பிறந்தபோது ஒவ்வோர் அடிக்கட்டையினின்றும் ஆறேழு தளிர்கள் எழுந்தன. முன்பு இரண்டு கிளையாக ஓங்கி நின்றவை குடைபோல அடர்ந்தன. அடுத்த தையிற் பூவும் இருமடங்காயிற்று. சிரமதானம் செய்தோருக்கு அன்று சொல்லாத நன்றியை இங்குச் சொல்கின்றோம். இப்பொழுது மதிலில் பெயர்ப்பலகை ஒன்று எழுதி வைத்துள்ளோம்.

ஆடும் மாடும் இதனை விரும்பி உண்பதில்லை. எனவே வேலியடைக்கும் செலவு பெரும்பாலும் இல்லை. பச்சைப்புழுக்கள் சிலபோது இலையைத் தின்னும். அவை இளமஞ்சள் நிற வண்ணத்துப்பூச்சிகளின் குழவிகள், மருந்து தெளியற்க. தின்ற இலை சில கிழமைகளில் மீளும். பூவிலே தேன் இல்லை என்பது பலர் அறியாத செய்தி. வண்டுகள் மகரந்தத்தை நாடியே வருகின்றன. அம்மகரந்தமும் எளிதிற் கிடைப்பதன்று. மகரந்தப்பையின் நுனியில் உள்ள சிறு துளைவழியே உதிர வேண்டும். மரந்துளைக்கும் பெரிய கருவண்டு பூவைப் பற்றிக்கொண்டு, சிறகை அசையாது உடலை மாத்திரம் அதிரச் செய்து உதிர்ப்பதைக் காலை எட்டு மணியளவிற் செடியருகே நின்றால் காதாற் கேட்கலாம். பறக்கும்பொழுது எழுப்பும் ஒலியினும் அவ்வதிர்வின் ஒலி கூரியது. விஞ்ஞான வகுப்பார் இதனை ஒருமுறை கேட்டல் நன்று. அவர்களுக்கு மற்றுமொன்று: அவரைக் குடும்பத்ததாயினும் சென்னா இனங்கள் பொதுவாக வேர்முடிச்சு உண்டாக்குவதில்லை. ஆதலின் இது நிலத்துக்கு நைதரசன் சேர்க்கும் என்று பரீட்சையில் எழுதற்க. வெட்டிய குழையைத் தோட்டத்திலே தாழ்ப்பின் அது பசளையாகும் என்பது வேறு.

பட்டையின் நிறையில் ஏறக்குறைய நூற்றுக்கு 18 பங்கு துவர்ப்பொருள் உண்டு. தென்னிந்தியாவிலே தோல் பதனிடுவோர் நெடுங்காலம் இதனையே நம்பியிருந்தனர். பின்பு வாட்டில் மரப்பட்டை இதன் இடத்தைக் கைப்பற்றிற்று.

மருத்துவப் பயனைப் பற்றி மிகுதியாகப் பேசுவோர் பலர். ஆவாரை பூத்திருக்கும் ஊரிற் சாவு ஏது என வினவும் முதுமொழியைக் கேட்டுக் களித்தல் வேறு. அதனை நம்பி மருத்துவரைக் கைவிடுதல் வேறு. பூவை நிழலில் உலர்த்திப் போத்தலில் இட்டு வைத்து, வெந்நீரில் இட்டு அருந்தும் வழக்கம் நம் தீவு முழுவதும் உண்டு. ரணவராத் தேநீர் கடைகளிலும் கிடைக்கும். யாமும் மாலையில் அருந்துகின்றோம், சுவை நன்று. ஆயின் நீரிழிவுக்கு மருந்து உண்போர், இதுவும் இரத்தத்துச் சர்க்கரையைக் குறைக்கும் இயல்பினதாக விலங்குகளில் நிகழ்ந்த ஆய்வுகள் காட்டுதலின், தம் மருத்துவரிடம் கூறாது அருந்தற்க. வலிப்பு நோய்க்கு வழங்கும் கார்பமசெப்பீன் என்னும் மருந்தின் அளவு, இத்தேநீரும் சேர்த்துக் கொடுக்கப்பட்ட எலிகளின் இரத்தத்தில் உயர்ந்தமை 2004இல் வெளிவந்த ஆய்வினாற் புலனாயிற்று. அம்மருந்து உண்போர் இதனை விலக்குக.

கடல்கடந்து வாழும் பழைய மாணவர் சிலர் விதை அனுப்புமாறு கேட்டுள்ளனர். உறைபனி இச்செடிக்கு ஆகாது. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் கண்ணாடிச் சாளரத்தருகே சாடியில் வைத்து வளர்க்கலாமேயன்றி வெளியில் வளர்த்தல் இயலாது. ஆணிவேருக்குச் சாடி சிறைச்சாலை. விதையைப் பெட்டியில் மறைத்துக்கொண்டு செல்லாது, அவ்வந்நாட்டுத் தாவரச் சட்டத்தை முதலில் விசாரித்துக்கொள்க. இங்கு உறவினர் வாழும் வளவில் வெற்றிடம் இருக்குமாயின், ஐப்பசியில் மூன்று விதையை அங்கே ஊன்றச் சொல்வது இலகு.

வினவிய மாணவன் இப்பொழுது பல்கலைக்கழகத்திற் பயில்கின்றான். சென்ற விடுமுறையில் வந்து, மதிலோரத்துச் செடிகளின் நெற்றுகளைக் கொய்து, ஆசிரியர் அறையில் ஒரு சுளகிலே பரப்பிவிட்டுச் சென்றான். துளைபட்டவற்றை நீக்கி, எஞ்சியவற்றைச் சிறு தாட்பைகளில், பைக்குப் பன்னிரண்டாக இட்டு வைத்துள்ளோம். வேண்டுவோர் புரட்டாசி முடியுமுன் வந்து பெற்றுக்கொள்ளலாம். அரத்தாள் தாமே கொண்டுவருக.